விளக்கு வைக்கிற நேரத்தோடு வேலையை நிறுத்துவது எப்படி: யூத அம்மாமாரிடம் பார்த்தது, நம்மூர் அம்மாமாருக்கு

வேலையெல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் உட்காரலாம் என்று நினைக்கிற அம்மா நம்ம குமரி மாவட்டத்தில் எந்தக் காலத்திலும் உட்காரப் போவதில்லை. விடிவதற்கு முன்னால் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், முந்திரி உடைக்கிற அண்டி ஆபீசில் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவர், தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வரும் டீச்சர், தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போன வீட்டுக்காரர் திரும்பும் வரை வாரக்கணக்கில் தனியாக வீட்டைப் பார்க்கிறவர், யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எங்க நேரம்?" நேரம் தானாக வந்து கிடைக்காது, நாமாகக் கோடு போட்டு எடுத்தால்தான் உண்டு. அந்தக் கோட்டை எங்கே போடுவது, போட்ட பிறகு பிள்ளைகளோடு என்ன செய்வது என்பதுதான் இது.

நான் சில வருஷம் இஸ்ரேலில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மதக் கட்டுப்பாடு உள்ள குடும்பம். பாட்டியின் மகளுக்கு ஆறு பிள்ளைகள், அவரும் வேலைக்குப் போகிறவர். அப்படியும் வாரத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் சமையல் கிடையாது, போனை யாரும் தொட மாட்டார்கள், பிள்ளைகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த வாரம் படித்ததைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். பணக்கார வீடு என்று நினைக்காதீர்கள், வீட்டு வேலைக்கு ஆளும் கிடையாது, எனக்குப் பாட்டி மட்டும்தான் பொறுப்பு.

நாம் சர்ச்சுக்கோ கோயிலுக்கோ அய்யாவழிப் பதிக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்கள், யூதர்களின் சடங்கு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சடங்கை எடுக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய மெழுகுவத்தியும் ஜெபமும் அவர்களுக்கு உரியவை, அதை நாம் வேடிக்கைக்குச் செய்து பார்க்கக் கூடாது. அந்த வீட்டு அம்மா வாரத்தை எப்படி நிறுத்துகிறார், பிள்ளைகளை எப்படி வீட்டில் படிக்க வைக்கிறார், அது மட்டும்தான் நமக்கு வேண்டும்.

அங்கே நடப்பது

யூதர்களுக்கு நாள் தொடங்குவது சாயங்காலத்தில். சபாத் என்கிற ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்னால் தொடங்கி, சனிக்கிழமை இருட்டி மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை, கிட்டத்தட்ட 25 மணி நேரம். சமைப்பது, தைப்பது, எழுதுவது, தீ மூட்டுவது என்று 39 வகை வேலைகளுக்குத் தடை. வீட்டில் மெழுகுவத்தி ஏற்றுவது பெரும்பாலும் அம்மாதான். பல ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிஷம் முன்னால் ஏற்றுகிறார்கள், ஜெருசலேமில் 40 நிமிஷம் முன்னால், அங்கே அதற்கு சைரனே ஊதுவார்கள். ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் சொல்லி, அப்படியே நின்று தன் மனதில் உள்ளதையும் சொல்லி முடிப்பார். அந்தச் சில நிமிஷம் ஆறு பிள்ளைகளில் ஒன்றுகூட "அம்மா" என்று கூப்பிடாது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

முக்கியமான விஷயம், நேரம் வந்தால் வேலை நின்றுவிடும். தரை பாதி துடைத்திருந்தால் பாதியோடு நிற்கும், துணி மடிக்காமல் கிடந்தால் கிடக்கும். சாப்பிட்ட பாத்திரம்கூட அந்த நாளுக்கு மறுபடி தேவைப்படாவிட்டால் சனிக்கிழமை இரவு வரை சிங்கிலேயே கிடக்கும். வேலை முடிந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்க்கிறார்கள்.

இதில் அழகு மட்டும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நல்ல வார்த்தை பேச முடியாது, அவ்வளவு அவசரம். எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகைக்கு முன்னால் புளித்த மாவின் ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று அலமாரி அலமாரியாகத் துடைத்து அந்த அம்மாமார் களைத்துப் போவதையும் பார்த்திருக்கிறேன். வெள்ளி இரவு மேசையில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் கடைசி 22 வசனங்களைப் பாடுவார்கள். நம்ம சர்ச்சில் கல்யாணத்துக்கும் வாசிக்கிறோமே, அதே குணசாலியான ஸ்திரீதான். எபிரேய எழுத்து 22, ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். அந்த ஸ்திரீ இருட்டோடே எழுந்திருக்கிறாள், இரவிலும் அவள் விளக்கு அணையாது, எப்போதுதான் தூங்குவாள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அந்த வீட்டில் அதைப் பாடி முடித்ததும் அம்மா உட்கார்ந்துதான் சாப்பிடுவார், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட மாட்டார்.

கோடு எங்கே போடுவது

25 மணி நேரத்துக்கு ஆசைப்படாதீர்கள், ஒரு வாரம்கூட நிற்காது. வாரத்தில் ஒரு சாயங்காலம், இரண்டு மணி நேரம். இது போதும்.

எந்தச் சாயங்காலம் என்பது வீட்டைப் பொறுத்தது. கிறிஸ்தவ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வுநாள் என்று பெயர், ஆனால் அன்றைக்குத்தான் சர்ச், இறைச்சிக் கறி, விருந்தாளி, திங்கட்கிழமை யூனிபார்ம் எல்லாம். கடற்கரை ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போக மாட்டார்கள், கடலுக்கு லீவு, அடுப்புக்கு லீவு கிடையாது. அதனால் ஞாயிறு பகலை விட்டுவிட்டு சனிக்கிழமை ஆறரையிலிருந்து எட்டரை வரை எடுத்துக்கொள்வது பல வீடுகளுக்குச் சரியாக வரும். செவ்வாய், வெள்ளி விளக்கு விசேஷமாக இருக்கும் வீடுகளில் வெள்ளிச் சாயங்காலமே பொருந்தும். மீன் விற்கப் போகிறவர்கள் தங்களுக்குச் சந்தை இல்லாத நாளைப் பாருங்கள். எதுவானாலும் வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம். இந்த வாரம் சனி, அடுத்த வாரம் வசதிப்படி என்று மாற்றினால் வீட்டில் யாருக்கும் அது பழகாது, முக்கியமாக உங்களுக்கு.

தொடக்கத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சந்தியாவுக்கு விளக்கு வைக்கிற வீடு, ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கிற வீடு, சாயங்கால மக்ரிப் பாங்கு கேட்கிற வீடு, இந்த மூன்றில் ஒன்றில்லாத தெரு குமரி மாவட்டத்தில் அபூர்வம். அந்த நேரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கு வைத்தாயிற்று, அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் துடைப்பம் கிடையாது, மிக்சி கிடையாது, துணி கிடையாது.

இரண்டு மணி நேரமும் முடியாது என்றால் அரை மணி நேரம். இதுவும் என் கற்பனை இல்லை. யூதர்களின் ஹனுக்கா பண்டிகையில் எட்டு நாள் இரவும் விளக்கு ஏற்றுவார்கள், அது குறைந்தது அரை மணி நேரமாவது எரிய வேண்டும், எரிகிற அந்த நேரம் பெண்கள் வீட்டு வேலை செய்ய மாட்டார்கள் என்று ஒரு வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதேபோல மாதப் பிறப்பான அமாவாசைக்கு அடுத்த நாள், பெண்களுக்கு அரை விடுமுறை மாதிரி, துவைப்பது, தைப்பது இல்லை என்று வைத்திருக்கிறார்கள். எல்லோரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் பெண்ணின் ஓய்வை அவள் இஷ்டத்துக்கு விடாமல் வழக்கமாகவே எழுதி வைத்திருப்பதைக் கவனியுங்கள். "எனக்குக் களைப்பா இருக்கு" என்று சொன்னால் வீட்டில் பேச்சு வளரும். "இது விளக்கு நேரம்" என்றால் வளராது.

விதிவிலக்கையும் முதலிலேயே சொல்லி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சபாத்தின் தடைகள் எல்லாம் விலகிவிடும், ஆம்புலன்ஸ் கூப்பிடலாம், வண்டி ஓட்டலாம், ஓட்டியே ஆக வேண்டும். நம் வீட்டிலும் அப்படித்தான், பிள்ளைக்குக் காய்ச்சல், மாமிக்கு மூச்சுத்திணறல் என்றால் கோட்டை அழித்துவிட்டு ஓடுங்கள். சீரியல் அதில் சேராது. கல்ஃபில் இருக்கும் வீட்டுக்காரர் கூப்பிடுகிற நேரமும் அதில் சேராது, ஆறு மணிக்கு முன்னாலோ எட்டரைக்குப் பின்னாலோ கூப்பிடச் சொல்லிவிடலாம், போனை அரிசிப் பானைப் பக்கம் எங்காவது வைத்துவிடலாம். கடலில் இருக்கிறவர் விஷயம் வேறு. அவருக்கு எப்போது சிக்னல் கிடைக்கும் என்று நாம் சொல்ல முடியாது, அந்த ஒரு அழைப்பை மட்டும் எடுங்கள்.

முந்தின நாள் வேலை

இந்த ஓய்வு ஒழுங்காக நடப்பதும் கெடுவதும் சமையலில்தான். இஸ்ரேலில் வெள்ளிக்கிழமை மதியமே பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் ஒரே பானையில் போட்டு, சூட்டைக் குறைத்து மின்தட்டின் மேல் வைத்துவிடுவார்கள், ராத்திரி முழுக்க மெதுவாக வெந்து சனி மதியம் சாப்பாட்டுக்குத் தயாராக இருக்கும். ஹமின் என்பார்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்கள் சோலந்து என்பார்கள். லைட்டுகளுக்கு டைமர், டிஷ்யூ காகிதத்தைக்கூட முன்கூட்டியே கிழித்து வைத்துவிடுவார்கள், கிழிப்பதும் வேலைதானாம்.

நமக்கு அந்தப் பானை வேண்டாம், நம்ம புழுக்கத்தில் ராத்திரி முழுக்க அப்படி வைப்பது ஆபத்தும்கூட. நம்மிடம் மறுநாள் மீன்குழம்பு இருக்கிறதே! முந்தின நாளே மண்சட்டியில் புளி கூட்டி வைத்த குழம்பு, தேங்காய் அரைத்து விடாமல் செய்தால் நன்றாகத் தாங்கும், ருசியும் மறுநாள்தான் ஏறும். தேங்காய் அரைத்தது எதுவும் அன்றன்றைக்குத்தான், அவியலை முந்தின நாள் வைத்துவிட்டு மறுநாள் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது அவியலாக இருக்காது. அன்றைக்கு இரவு சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம் என்று இறங்கிவிடுங்கள். கஞ்சி, பயறு இரண்டையும் ஐந்து மணிக்கே இறக்கி மூடி வைத்தால் எட்டு மணிக்கு இளஞ்சூட்டில் இருக்கும். துவையலும் ஐந்து மணிக்குள் அரைத்துவிடுங்கள். விருந்துச் சாப்பாடு வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்டால் அதை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளுங்கள்.

அப்புறம் பாத்திரம். அங்கே போல அப்படியே சிங்கில் போட்டுவிட்டுப் போனால் நம்ம ஊர் எறும்பும் கரப்பானும் சும்மா விடாது. ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்து, சாப்பிட்டவரவர் தட்டைக் கழுவி அதில் முக்கி வைத்தால் போதும். பத்து வயதுப் பையனுக்கு இது முடியும். முடியாது என்று மாமி சொல்வார்கள், "ஆம்பளப் பிள்ளையைப் போய்" என்பார்கள், அவர்களிடம் சண்டைக்குப் போகாமல் பையனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டு மணி நேரத்தில் உங்களுக்கென்று

முதல் அரை மணி நேரம் உங்களுடையது, பிள்ளைகளுடையது இல்லை. அதில் என்ன செய்வது என்று பெரிய திட்டம் வேண்டாம். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து சுக்குக்காப்பி குடிக்கலாம், படுக்கலாம். படுப்பதை யாரும் குறையாகப் பேச வேண்டாம், சபாத் தூக்கமே ஒரு இன்பம் என்று யூதர்களிடம் சொலவடையே இருக்கிறது, சனிக்கிழமை மதியம் தெருவே தூங்கும். அழகுக்குச் செலவு பண்ணுவதைத்தான் தன்னைக் கவனித்துக்கொள்வது என்று இன்ஸ்டாகிராமில் காட்டுகிறார்கள். நம்ம அம்மாமாருக்கு முதலில் வேண்டியது தூக்கம், தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு, அப்புறம் ரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று ஒரு தடவை பார்ப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். பி.பி., சர்க்கரை எல்லாம் மாமாவுக்கும் மாமிக்கும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும்போது நீங்களும் கையை நீட்டுங்கள்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, காரணமில்லாத அழுகை, பிள்ளை பெற்ற பிறகு பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காத மாதிரி ஒரு மனநிலை, செத்துப் போகலாமா என்ற நினைப்பு, இது எதுவும் இரண்டு மணி நேர ஓய்வில் சரியாகிற விஷயம் இல்லை. டாக்டரைப் பாருங்கள். 14416 என்கிற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும், 104 என்கிற அரசு எண்ணிலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இது உயிர் காக்கிற காரியம், எந்தக் கோட்டையும் தாண்டலாம்.

பிள்ளைகளோடு படிப்பது

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிப்பு நமக்குப் புதிதில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டில் நடக்கும் படிப்பு என்றால் என்ன? டியூஷன் முடிந்து ஏழரைக்கு வரும் பிள்ளையிடம் டைரியை வாங்கி "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்று கேட்பது. பிள்ளையும் களைப்பு, அம்மாவும் களைப்பு, கடைசியில் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிச்சம். இந்த ஒரு சாயங்காலத்துக்குப் பள்ளிப் புத்தகத்தை மூடி வையுங்கள். பரீட்சை நேரத்திலும் மூடலாம், இரண்டு மணி நேரத்தில் ராங்க் போகாது.

முதல் பழக்கம், கேள்வியைப் பிள்ளை கேட்க வேண்டும். பஸ்கா இரவு யூத வீட்டு மேசையில் இருப்பவர்களிலேயே சின்னப் பிள்ளைதான் எழுந்து, இந்த ராத்திரி மட்டும் ஏன் மற்ற ராத்திரிகளைப் போல இல்லை என்று பாடிக் கேட்கும். எகிப்திலிருந்து விடுதலையான கதை முழுக்க அதற்குப் பதிலாகத்தான் வரும். பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருக்க, புளிப்பில்லாத அப்பத்தின் ஒரு துண்டை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லிப் பரிசு கொடுப்பார்கள். அந்த இரவு வாசிக்கிறதில் நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பகுதி வரும்: கெட்டிக்காரன், எதிர்த்துப் பேசுகிறவன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நீயாகவே தொடங்கிக் கொடு என்று அங்கே சொல்லியிருக்கிறது. எத்தனை வீட்டில் அந்த நாலாவது பிள்ளையைத்தான் மக்கு என்று சொல்லி மூலையில் உட்கார வைத்திருக்கிறோம்!

இசிடர் ரபி என்று ஒரு யூத விஞ்ஞானி, 1944இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர், இன்றைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படையாக இருக்கிற கண்டுபிடிப்பு அவருடையது. நியூயார்க்கில் ஏழைக் குடியேறிகளின் தெருவில் வளர்ந்தவர். மற்ற அம்மாமார் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்பார்கள், தன் அம்மா மட்டும் இன்றைக்கு ஏதாவது நல்ல கேள்வி கேட்டாயா என்று கேட்பார், அதனால்தான் விஞ்ஞானி ஆனேன் என்று அவர் சொன்னது பிரபலம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. "மக்கா, இன்னைக்கு என்ன கேட்ட?" என்று சோறு போடும்போது கேட்டால் போதும். முதல் சில வாரம் "ஒண்ணும் கேக்கல" என்றுதான் பதில் வரும், விடாமல் கேளுங்கள்.

கேட்க வைப்பதற்கு நம்மைச் சுற்றி என்ன குறைவு? கன்னியாகுமரியில் கடலுக்குள் நிற்கும் வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் 133? குறளின் அதிகாரங்கள் 133. பீடம் ஏன் 38 அடி, சிலை ஏன் 95 அடி? அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்ந்தால் 95. பீடத்தை ஏன் அறமாக வைத்தார்கள், பொருளை வைத்திருந்தால் என்ன என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் சொல்லிக் கொடுத்துவிட்டால் அதுவும் டியூஷன் ஆகிவிடும்.

இரண்டாவது, வாரம் ஒரு பகுதி. யூதர்கள் மோசேயின் ஐந்து ஆகமங்களை 54 பகுதியாகப் பிரித்து, வாரம் ஒன்றாக, சில வாரம் இரண்டைச் சேர்த்து, ஒரு வருஷத்தில் முடிப்பார்கள், முடித்த அன்றே மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அநேகமாக அதே வாரம் அதே பகுதிதான். நர்சரிப் பிள்ளைகூட அந்த வாரக் கதையை வைத்து வரைந்த ஒரு தாளோடு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும், மேசையில் அதை எடுத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். நாமும் எதையாவது ஒன்றை எடுத்துப் பகுதி பிரித்துக்கொள்ளலாம். வேதாகமம், குர்ஆன், ஏடு வாசிக்கிற அய்யாவழி வீட்டில் அகிலத்திரட்டு, மத விஷயம் வேண்டாம் என்றால் குறள், அல்லது நூலகத்திலிருந்து எடுத்த ஒரு கதைப் புத்தகம். வாரம் ஓர் அதிகாரம் என்று போனால் குறள் முடிய இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். நீளமாக எடுக்காதீர்கள், சத்தமாக வாசித்தால் பத்து நிமிஷம், அதற்குமேல் சின்னதுகள் நெளியும்.

மூன்றாவது, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது. யூதப் பாடசாலைகளில் நூலகம் மாதிரி அமைதி இருக்காது, சந்தை மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஜோடியும் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு வாதாடும். அண்ணனையும் தங்கையையும் இப்படி உட்கார வைத்தால் முதலில் சண்டைதான் வரும். சண்டை புத்தகத்தைப் பற்றியதா, பென்சிலைப் பற்றியதா என்று மட்டும் கவனியுங்கள். புத்தகத்தைப் பற்றியது என்றால் தலையிட வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டாம். மூன்று வயதில் எழுத்துத் தொடங்கும்போது எழுத்தின் மேல் தேன் தடவி நக்கக் கொடுப்பது அவர்களிடம் ஒரு பழைய வழக்கம். நாம் விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைக்கிறோம். அந்த வயதுக்கு இனிப்பும் விரலும் போதும். வெளியே கூட்டிப்போய் மூன்று நட்சத்திரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், மழை மாதங்களில் ஒன்றும் தெரியாது, மற்ற மாதங்களில் நன்றாக நேரம் போகும்.

அம்மாவும் படிக்க வேண்டும்

பிள்ளைகள் படிப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அம்மா கடைசியாக ஒரு புத்தகம் முடித்தது எப்போது? யூதப் பெண்களுக்கும் இது லேசாகக் கிடைத்ததில்லை. தல்மூத் என்கிற யூத மதச் சட்ட விவாத நூலைப் படிப்பது நூற்றாண்டுகளாக ஆண்களுக்குத்தான். பெண்கள் தங்களுக்குத் தெரிந்த பேச்சு மொழியில் வேதக் கதைகளை சபாத் மதியம் வாசித்தார்கள். போலந்தில் கிராகோவ் நகரத்தில் சாரா ஷெனிரர் என்கிற தையல்காரப் பெண் 1917இல் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கிய பிறகுதான் அந்தச் சமூகத்தில் ஒழுங்கான பெண் கல்வி பரவியது. நமக்குப் பக்கத்திலேயே கொச்சியில் இருந்த யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடும் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று வைத்திருந்தார்கள், 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போனபோது அந்த நோட்டுகளும் போயின. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டு, நாற்று நடும்போது பாடிய பாட்டு, ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாலே அதுவும் படிப்புதான், பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சியும் ஆச்சு.

அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு தாள். 1923இல் தொடங்கிய முறை, தல்மூத்தை நாளுக்கு ஒரு தாள், இரண்டு பக்கமும், என்று உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே தாளாகப் படிக்கிறார்கள். மொத்தம் 2711 தாள், முடிய ஏழரை வருஷம். 2020 ஜனவரியில் அந்தச் சுற்று முடிந்தபோது ஜெருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடிக் கொண்டாடினார்கள், அவர்களில் எத்தனையோ பேர் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆடியோவில் கேட்டுப் படித்தவர்கள். நீங்கள் எதைப் படித்தாலும், டி.என்.பி.எஸ்.சி. ஆனாலும் நாவலானாலும், தினம் ஒரு தாள் என்று வையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் படிக்க வேண்டாம், அன்றைய தாளிலிருந்து தொடருங்கள், விட்டதை எப்போதாவது மழை நாளில் பார்த்துக்கொள்ளலாம். கடன் சேர்ந்தால் புத்தகம் மூடிவிடும். யூதச் சட்டத்திலேயே ஒரு கடமையில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் இன்னொரு கடமையிலிருந்து விலக்கு உண்டு, நேரம் குறித்த பல கடமைகளில் பெண்களுக்கு விலக்கும் இருக்கிறது. கைக்குழந்தை இருக்கிற அம்மா அந்த விலக்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், குழந்தை ஒரு வயது தாண்டிய பிறகு தாளை எடுங்கள்.

தனியாகப் படிக்க ஓடவில்லை என்றால் இங்கேயும் ஜோடிதான் வழி. தெருவில் இன்னொரு அம்மாவைப் பிடியுங்கள், சொந்தக்காரராக இல்லாமல் இருந்தால் நல்லது, சொந்தக்காரர் என்றால் பேச்சு கல்யாணத்துக்கும் காணிக்கும்தான் போகும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம், ஒரு வாரம் உங்கள் திண்ணை, ஒரு வாரம் அவர் திண்ணை, அந்த நேரத்துக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் விளையாடட்டும். கட்டஞ்சாயா மட்டும் போடுங்கள், பலகாரம் செய்யத் தொடங்கினால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும். சனிக்கிழமை உங்கள் விளக்கு நேரமாக இருந்தால் இதை ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வையுங்கள், அப்போது சாப்பாடு முடிந்து வீட்டு ஆண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், யாரும் காப்பி கேட்டு வர மாட்டார்கள்.